பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை: மியாவ்லி ஹக்கா வகுப்புக்கு

தைவானின் மியாவ்லியில், கோயில் மண்டபத்தில் நடக்கும் ஹக்கா மொழி வகுப்பில் பிள்ளைகள் ஹக்காப் பாட்டை ஒப்பிக்கிறார்கள், கேள்விக்கு மட்டும் அங்கே பெரிதும் புழங்கும் மாண்டரினில் பதில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு பெரும்பாலும் பெரியவர்களிடம்தான். பிள்ளை சற்றே திணறியதும் அவர்களே மாண்டரினுக்குத் தாவிவிடுகிறார்கள். பத்து விநாடி பொறுக்கட்டும், சைகை காட்டட்டும். பிள்ளை மாண்டரினில் சொன்னால், அதையே ஹக்காவில் கேள்வியாகத் திருப்பிக் கேட்கட்டும்.

பாடப்புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். ஹக்கா பேசும் ஒரு பாட்டிக்கு இரண்டு, மூன்று பிள்ளைகள் போதும். கடுகுக்கீரை ஊறுகாய் போடலாம்: வெயிலில் வாட்டு, உப்புத் தூவு, மிதி, சாடியில் அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் அதே ஏவல் திரும்ப வரும், "இன்னும் உப்பு வேண்டுமா?" என்ற கேள்விக்கு வாய் திறந்தே ஆகவேண்டும்.

சிச்சியான், ஹைலு இரண்டும் ஹக்காவின் வட்டார வழக்குகள். ஆசிரியர்களில் ஒருவர் சிச்சியான், மற்றவர் ஹைலு பேசினால் ஒரே குழுவில் கலக்காதீர்கள். பல சொற்களில் தொனி ஏறக்குறைய தலைகீழ். ஒன்றில் தாழ்ந்து ஒலிப்பது மற்றதில் உயர்ந்து ஒலிக்கும். தொடக்கநிலைப் பிள்ளை குழம்பிப்போய் வாயை மூடிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் தைவான் கல்வி அமைச்சின் ஹக்கா இணைய அகராதியில் வட்டார வாரியாக ஒலிப்பதிவு இருக்கிறது. ஹக்கா சான்றிதழ்த் தேர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.