அரிவாள் செல் நோய் உள்ள பதின்வயதுப் பிள்ளையை வலி நேரத்தில் எப்படிக் கவனிப்பது?

கோத்தகிரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் உங்கள் 15 வயது மகளுக்கு வலி வந்தால் செவிலியர்கள் என்ன செய்ய வேண்டும், நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடலூர்ப் பக்கம் செவிலியராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வலிக்கிறது என்று அவள் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1952இல் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ‘நடிக்கிறாள்’ என்ற சொல்லை வார்டில் என் காதால் கேட்டிருக்கிறேன். அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைப்பதால் எழும் இந்த வலி, வெளியே வீக்கமாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. எந்த ரத்தப் பரிசோதனையும் அதை அளந்து சொல்லாது. ஒருமுறை ஒரு பெண் கைப்பேசியைப் பார்த்தபடி அமைதியாகப் படுத்திருந்தாள். வலி குறைந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அருகே போனபோது, மற்றொரு கை கட்டில் கம்பியை விரல் வெளுக்கப் பற்றியிருந்தது. பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்; எட்டு என்றாள். பதின்வயதினர் பலரும் இப்படித்தான் வலியை அடக்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே, மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலிமருந்து கொடுக்கப்பட வேண்டும்; அது கேட்கிறதா என்று திரும்பத் திரும்ப விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம், ஐஸ் மட்டும் வைக்கவே கூடாது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவர்களுக்கு நுரையீரல் பாதிக்கப்படலாம் என்பதால், விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை பத்து முறை ஆழ்ந்து மூச்சிழுக்க வைப்போம்.

விடுதியில் நீங்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டியது கழிப்பறையைப் பற்றி. இந்நோயில் சிறுநீரகத்தால் நீரைச் சேமித்து வைக்க முடிவதில்லை. அதனால் சிறுநீர் அதிகம் போகும், தண்ணீரும் அதிகம் குடித்தாக வேண்டும். ஆனால் கழிப்பறை தொலைவில், விளக்கில்லாமல் இருந்தால் பிள்ளைகள் மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். விடியற்காலையில் வலி தொடங்குகிறது. வகுப்பு நடக்கும்போதும் எழுந்து போக அனுமதி வேண்டும் என்று ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். கோத்தகிரிக் குளிரும் வலியைத் தூண்டும் என்பதால் குளிக்க வெந்நீர், மழையில் நனைந்தால் உடனே மாற்ற உலர்ந்த உடை, ஸ்வெட்டர் ஆகியவை அவளுக்குக் கிடைக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வலி அடிக்கடி வராமல் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தை மருத்துவர் எழுதியிருந்தால், வலியில்லாத நாளிலும் அதை விடாமல் சாப்பிட வேண்டும். அவ்வப்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது வந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வழக்கமான மருந்துகள், ரத்த வகை, மருத்துவரின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு நகலை விடுதிக் காப்பாளரிடமும் இன்னொன்றை அவள் பையிலும் வைத்துவிடுங்கள். அந்தத் தாளை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நள்ளிரவில் புதிய செவிலியர் ஒருவர் கேட்கும்போது அவளே தெளிவாகச் சொல்லிவிடுவாள்.