பால்ட்வின் என்றிருந்தால் போலி அல்ல

1964-ஆம் ஆண்டு பர்ன்ஸ் மார்வின் எலெக்ட்ரிக் கிட்டார் என்று விற்பவர் சொல்கிறார், கிட்டாரிலோ ‘பால்ட்வின்’ என்றிருக்கிறது, போலியா என்று கேட்டிருந்தீர்கள். பதற வேண்டாம். இங்கிலாந்தின் பர்ன்ஸ் நிறுவனத்தை அமெரிக்கப் பியானோ நிறுவனமான பால்ட்வின் 1965-இல் வாங்கியது. கிட்டார்களில் பெயரும் மாறியது. ஆக, பொருள் அசலாகவே இருக்கலாம், ஆண்டுதான் உதைக்கிறது. அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஷாடோஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வினுக்காக உருவான மாடல் என்பதால் வாய்க்கு வந்த விலை சொல்பவர்கள் உண்டு.

முன்பணம் கொடுக்குமுன் பிரிட்ஜை, அதாவது உடல் பலகையில் தந்திகளைத் தாங்கும் பகுதியை, நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆறு தந்திகளும் ஆறு தனித்தனி உலோகக் குழாய்களுக்குள் போக வேண்டும். தலைப்பகுதி வயலினுடையதைப் போலச் சுருண்டிருக்க வேண்டும். உடல் பலகையில் பழைய திருகு ஓட்டைகள் தெரிந்தால், யாரோ வேறு ட்ரெமலோ (சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி அமைப்பு) மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். நானாக இருந்தால் தொடமாட்டேன்.