கேள்வி–பதில்: தனியாகப் பயின்று உள்வலிமை பெற முடியுமா?

கேள்வி: தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலை கற்கிறேன்; வகுப்பு வாரத்துக்கு ஒருநாள்தான். மற்ற நாட்களில், மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி கைகளை வளைத்து 20 நிமிடம் நிற்கிறேன். நான்கு மாதமாகத் தொடை எரிந்ததுதான் மிச்சம். தோளில் யாராவது தள்ளினால் பழையபடி தடுமாறுகிறேன். எங்கே தவறு?

பதில்: முதல் வேலையாக 20 நிமிடத்தை 5 ஆகக் குறையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் தொடைதான் பலப்படும். கையில் வந்து சேரும் அழுத்தம் தோள், முதுகு, இடுப்பு என்று இறங்கி உள்ளங்காலை அடைய வேண்டும். தரை திருப்பித் தரும் விசை அதே வழியில் கைக்கு ஏற வேண்டும். உள்வலிமை என்பது இதுதான். நடுவில் ஒரு மூட்டு இறுகினாலும், துவண்டாலும் வழி அங்கேயே அறுந்துவிடும்.

பாதங்களைத் தோள் அகலத்தில் இணையாக வையுங்கள். முழங்காலை விறைப்பு விடும் அளவுக்கு மடக்கினால் போதும்; தாழ்ந்து நிற்பதில் பெருமை இல்லை. உயரமான முக்காலியின் விளிம்பில் உட்காரப் போவதுபோல் இடுப்பைத் தளர்த்துங்கள். வால் எலும்பு தானாகத் தொங்கட்டும். அதை வலிந்து உள்ளே மடக்கினால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். பலரும் செய்யும் பிழை இது. கைகள் மார்பு உயரத்தில், முழங்கைகள் தோளைவிடத் தாழ்ந்து, விரல் நுனிகளுக்கிடையே இரண்டு மூன்று கைமுட்டி அளவு இடைவெளி. அக்குளை ஒட்டவிடாதீர்கள்.

இதெல்லாம் வெறும் கூடுதான். உள்ளே நடக்க வேண்டியது எதிரெதிர் இழுப்பு. உச்சந்தலை மேலே போக, வால் எலும்பு கீழே இறங்க வேண்டும். மணிக்கட்டு முன்னே போக, முதுகு பின்னே விரிய வேண்டும். இரண்டு முழங்கைகளும் ஒன்றையொன்று விட்டு விலக வேண்டும். தசையை முறுக்கி இழுக்காமல், எண்ணத்தால் மட்டும். முதல் வாரம் மேல்–கீழ் இழுப்பு மட்டும் போதும். அது நிலைத்த பிறகு அடுத்த இணையைச் சேர்க்கலாம். மூன்றையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் தங்காது. எண்ணம் கலைந்ததும் நிறுத்திவிடுங்கள், கடிகாரம் என்ன சொன்னாலும். சீனத் தற்காப்புக் கலை ஆசான் வாங் ஷியாங்சாய் (1885–1963) உருவாக்கிய யி சுவான் என்ற கலையில் நிலையான அடவுத் தொடர்களே கிடையாது. இப்படி நிற்பதுதான் அதன் அடித்தளம்.

நிற்கும்போது கிடைத்த உணர்வோடு, தண்ணீருக்குள் பந்தைத் தள்ளுவதுபோல் கைகளை ஒரு சாண் தூரம் மட்டும் முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். கை தனியாகப் போகக் கூடாது, உடல்தான் கையைக் கொண்டுபோக வேண்டும். உணர்வு அறுந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

கேள்வி: நிற்கும்போது முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. தொடரலாமா?

பதில்: அந்த வலியோடு தொடர வேண்டாம். பெரும்பாலும் முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். பாதத்தின் இரண்டாம் விரல் திசையிலேயே முழங்கால் இருக்கட்டும், மடிப்பையும் குறையுங்கள். தொடை களைப்பது இயல்பு, மூட்டு வலிப்பது இயல்பல்ல. திருத்திய பிறகும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: துணைக்கு ஆளில்லை. முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு காலை முன்வைத்து, மார்பு உயரத்தில் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சாயாமல், அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பின்பாதத்தின் அடியில் அழுத்தம் கூடுகிறதா? வழி திறந்திருக்கிறது. தோள் காதை நோக்கி ஏறினால் விசை அங்கே மாட்டியிருக்கிறது. கீழ்முதுகு வளைந்தால் இடுப்பில். மாட்டிய இடத்தைத் தளர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஆனால் சுவர் திசை மாற்றாது, ஏமாற்றாது. திசை மாறும் விசையைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ள ஆள் வேண்டும். வாராந்தர வகுப்பில் ஒருவரைக் கையில் மிக மெதுவாக, திசை மாற்றி மாற்றித் தள்ளச் சொல்லுங்கள். தோள் இறுகத் தொடங்கும் அழுத்தம் எதுவோ, அதற்குச் சற்றுக் கீழேயே சில வாரம் பழகுங்கள்.