தட்டு நிறைந்தே இருக்கிறது, ஆனாலும் பூனை கத்துகிறது

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டுப் பூனைக்கு ஐந்து வயது. பெண். கருத்தடை அறுவை சிகிச்சை செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எடை 5.8 கிலோ. காலையில் மீன் குழம்பு பிசைந்த சோறு, மதியம் சாளைத் தலையும் குடலும் கொடுக்கிறோம். மற்ற நேரத்துக்குக் கடையில் வாங்கிய உலர் உணவைத் தட்டில் நிறைத்து வைக்கிறோம். அப்படியும் அடுக்களைக்குள் போனால் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வேளை கொடுக்க வேண்டும்?
– வாசகி, குளச்சல்

பதில்: உலர் உணவு மட்டும் என்றால் நாளொன்றுக்கு 55 முதல் 60 கிராம் போதும். அதை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். "இவ்வளவு கொஞ்சமா!" என்று உங்களுக்குத் தோன்றும். அதனால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டோடு இருக்கும், கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 240 கலோரி தேவை. கருத்தடைக்குப் பிறகு உடலின் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. பல பூனைகளுக்கு எடை ஏறத் தொடங்குவது அப்போதுதான். நாட்டுப் பூனைக்கு 5.8 கிலோ அதிகம். உங்கள் பூனை 4.5 கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது. சாப்பாட்டை அந்த எடைக்குத்தான் அளக்க வேண்டும். அதற்குச் சுமார் 215 கலோரி. உலர் உணவில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி வரை இருக்கும். பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருப்பார்கள். ஒரு கைப்பிடிச் சோற்றில் 65 கலோரி, நடுத்தரமான ஒரு சாளையில் ஏறக்குறைய 50 கலோரி. இவை இரண்டும் உள்ளே போனாலே பாதி நாளுக்கான சாப்பாடு முடிந்தது. தட்டில் நிறைந்திருப்பது முழுக்க அதற்கு மேலே ஏறுகிறது.

கண்ணளவை நம்பாதீர்கள். மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை 20 கிராம் நிறுத்து வாங்கி, ஒரு சிறிய டம்ளரில் கொட்டி, அது நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அதுதான் ஒரு வேளை. வீட்டில் யார் வைத்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பாட்டி ஒரு பிடி, பிள்ளைகள் ஒரு பிடி என்று வைத்துப் பெருத்துப்போன பூனைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

இனி மீன். நம் கடற்கரை ஊர்களில் மீன் கொடுக்காமல் பூனை வளர்க்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் குழம்பை இன்றோடு நிறுத்துங்கள். தேங்காயோடு நாம் அரைத்துச் சேர்க்கும் சின்ன உள்ளியும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சோகை வரும். கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம். பச்சை மீனிலும் ஆபத்து உண்டு. சிலவகை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்னும் பூனை தலை தொங்கித் தள்ளாடும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். சாளை, அயிலை போன்ற எண்ணெய் மீன்களே முழு உணவாக இருந்தால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே வலிக்கும். உப்பு, புளி, மிளகாய் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய மீன், வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு துண்டு போதும். அன்றைக்கு உலர் உணவில் அதற்கு ஈடாகக் குறைத்துவிடுங்கள்.

சோறு வயிற்றை நிரப்பும். பூனைக்கு வேண்டியதைத் தராது. பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் டாரின் என்ற சத்து அவசியம். அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துவிடும் என்று 1987-லேயே கண்டறிந்தார்கள். முழு உணவு என்று குறிப்பிட்டு விற்கும் பூனை உணவில் டாரின் சேர்த்திருப்பார்கள். பூனை உணவுக்குப் பதிலாக நாய் உணவை வாங்கிவிடாதீர்கள்.

காலைச் சுற்றிக் கத்துவதெல்லாம் பசி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் மீன் சுத்தம் செய்யும் நேரமும் அதன் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக இருக்க வேண்டாம். காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது என்று நேரம் வைத்து, அடுக்களைக்கு வெளியே வையுங்கள். முதல் இரண்டு வாரம் கத்தல் கூடும். அப்போது மனம் இரங்கி ஒரு தலையைப் போட்டால், இன்னும் நேரம் கத்த வேண்டும் என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பட்டினி போட்டு இளைக்கவைக்கக் கூடாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மேற்குக் கடற்கரை விசைப்படகுத் தடைக்காலமான ஜூன், ஜூலையில் மீன் வரத்துக் குறைந்தால், மீனைத் தவிர வேறெதையும் தொடாத பூனைக்கு இந்த நிலை வரலாம். ஆகவே புதிய உணவுக்கு ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். வாரத்துக்கு 30 முதல் 50 கிராம் குறைந்தால் போதும், 4.5 கிலோவுக்கு வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துப் பார்த்தால் எடை ஓரளவு தெரியும். விலா எலும்பைத் தடவியும் பாருங்கள்: புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுவதுபோல் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு இன்னும் இருக்கிறது.

உலர் உணவில் நீர் மிகக் குறைவு என்பதால் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். நன்றாகத் தின்றும் வேகமாக மெலிந்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டாலோ, அளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.