யோத்தா கால்வாய்: உரிமம் வேண்டாம், நாட்கள் வேண்டும்

கேள்வி: நாங்கள் ஸ்வீடனில், கோதன்பர்க்கில் வசிக்கிறோம். கணவர் நான்கு ஆண்டுகளாகப் படகு மன்றத்தில் பாய்ப்படகு ஓட்டுகிறார். மகன்களுக்கு 12, 9 வயது. ஜூலையில் மூன்று வாரம் ஒரு படகை வாடகைக்கு எடுத்து, யோத்தா கால்வாய் வழியே ஸ்டாக்ஹோம் தீவுகள் வரை போய்த் திரும்ப ஆசை. படகு 11.3 மீட்டர் நீளம், 3.8 மீட்டர் அகலம். உரிமம் இல்லாமல் இதை ஓட்டினால் குற்றம் என்கிறார் தரகர். உரிமத்துக்கான ஏற்பாடு, கால்வாய் அனுமதி, துறைமுகத் தங்கல் எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்குத் தருகிறாராம். முழுப் பணத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? மூன்று வாரம் போதுமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மூன்று வாரம் போவதற்குத் தாராளம், போய்த் திரும்பப் போதாது. இந்த இரண்டாவது விஷயத்தைத் தரகர் உங்களிடம் சொல்லவில்லை என்பதிலிருந்தே அவர் எந்தப் பயணத்தை விற்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

முதலில் உரிமம். ஸ்வீடன் சட்டம் சான்று கேட்பது, படகின் நீளம் 12 மீட்டரையும் அகலம் 4 மீட்டரையும் எட்டும்போதுதான். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். 13 மீட்டர் நீளமும் 3.9 மீட்டர் அகலமும் உள்ள படகுக்குச் சான்று தேவையில்லை. 11.5 மீட்டர் நீளத்தில் 4.2 மீட்டர் அகலமுள்ள படகுக்கும் தேவையில்லை. 12.1 மீட்டருக்கு 4.1 மீட்டர் என்றால் தேவை. நீளம் என்பது படகு உடலின் நீளம். முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிப் பிடியையும் சேர்த்து விளம்பரத்தில் போடும் நீளத்தை நம்பாதீர்கள். உங்கள் படகு இரண்டு அளவிலும் உள்ளேதான் இருக்கிறது. ஆகவே சட்டப்படி உங்கள் கணவருக்கு எந்தத் தாளும் வேண்டாம்.

ஆனால் படகின் உரிமையாளர் தன் படகை யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஏதாவது சான்று கேட்கலாம். அது அவருக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்த விஷயம். மன்றத்தில் ஓட்டிய அனுபவத்தை எழுதிக் காட்டினாலே திருப்தி அடையும் உரிமையாளர்கள் உண்டு. சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தி, உரிமையாளர் கேட்கக்கூடிய காகிதத்தை விலைக்கு விற்பது தரகர்களின் பழைய வித்தை.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இவர்கள் சொல்லவே மாட்டார்கள். 10 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில் சுக்கான் பிடிப்பவருக்கும், பாதுகாப்புக்கு முக்கியமான வேலை செய்பவருக்கும் இரத்தத்தில் மது அளவு 0.2 புரோமில், அதாவது ஆயிரத்தில் 0.2 பங்கு, என்பது எல்லை. காருக்கும் அதுவேதான். உங்கள் படகு 11.3 மீட்டர். மாலையில் நங்கூரம் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த மொத்தத் தொகை. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்கள். யோத்தா கால்வாயை நடத்துவது அரசுக்குச் சொந்தமான நிறுவனம். படகின் நீளத்தை வைத்துக் கட்டணம் போடுகிறார்கள், நேரடியாகவே கட்டலாம். அந்தக் கட்டணத்துக்குள்ளேயே கால்வாய்க் கரையில் உள்ள விருந்தினர் துறைகளில் தங்குவதும் அடங்கிவிடுகிறது.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். முதல் முறை போனபோது ஒரு தரகர் ஆறு இரவுக்குத் துறைமுகத் தங்கல் சீட்டு விற்றார். ஷோதொர்ப்பில், வேனர்ன் ஏரியிலிருந்து கால்வாய் தொடங்கும் இடத்தில், அலுவலகப் பெண்ணிடம் பெருமையாக நீட்டினேன். இருபது வயது இருக்கும், கோடை விடுமுறை வேலைக்கு வந்த கல்லூரி மாணவி. சீட்டை முன்னும் பின்னும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். “இதை யார் அச்சடித்தது?” என்று கேட்டாள். அப்புறம் பரிதாபப்பட்டு எனக்கு ஒரு காபி கொடுத்தாள்.

தரகர்கள் இப்படி முளைப்பதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். கோதன்பர்க்கில் படகு புறப்பட்டதும் ஹிசிங்ஸ் பாலம். மூடியிருக்கும்போது அதன் அடியில் 12 மீட்டர்தான் இடைவெளி. உங்கள் பாய்மரம் அதைவிட உயரமாகத்தான் இருக்கும். அதைத் திறப்பது நகராட்சி. அலுவலக நெரிசல் நேரத்தில் திறக்க மாட்டார்கள். அதைத் தாண்டினால் ட்ரோல்ஹெத்தான் வழியே போகும் ஆற்றுக் கால்வாய்; அது தேசியக் கடல் நிர்வாகத்தின் கையில், கட்டணம் தனி. வேனர்னைக் கடந்தால் யோத்தா கால்வாய், மறுபடி வேறு அலுவலகம், வேறு கட்டணம், வேறு கால அட்டவணை. ஒரே படகு, ஒரே வழி, மூன்று கதவு. நாட்டின் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போகும் வழிக்கு ஒரே சீட்டுக் கொடுக்க இத்தனை ஆண்டாக யாருக்கும் தோன்றவில்லை. மூன்று கதவிலும் நீங்களே தட்டுங்கள். ஒரு மாலை நேரம் செலவாகும், அவ்வளவுதான்.

நாட்கணக்கைப் பார்ப்போம். ஆற்றுக் கால்வாய் 82 கிலோமீட்டர், ஆறு மதகு. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீர் நிரப்பி மேலே தூக்கும் மதகுகள். மொத்தம் 44 மீட்டர் ஏறுவீர்கள்; அதில் ட்ரோல்ஹெத்தானில் மட்டும் நான்கு மதகில் 32 மீட்டர். இரண்டு நாள் வையுங்கள். வேனர்னுக்கு மூன்று நாள். ஏரி என்று பெயர்தானே தவிர 5,650 சதுர கிலோமீட்டர். காற்று எழுந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும்; பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டிவிடும். லெக்கோ கோட்டைக்குக் கீழே படகைக் கட்டிக்கொண்டு காற்று தணியும்வரை காத்திருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

யோத்தா கால்வாய் ஷோதொர்ப்பிலிருந்து கிழக்கே மெம் வரை 190 கிலோமீட்டர். அதில் மனிதர் வெட்டியது 87 கிலோமீட்டர், மற்றவை ஏரிகள். 1810இல் தொடங்கி 1832இல் முடித்தார்கள். முன்னின்று நடத்திய பால்ட்சர் ஃபொன் பிளாட்டன் 1829இலேயே இறந்துபோனார். மதகுகள் 58. வேகம் மணிக்கு ஐந்து கடல் மைலைத் தாண்டக் கூடாது. அவசரப்படாமல் ஏழு நாள் வையுங்கள். நடுவில் வெத்தர்ன் ஏரியைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே காற்று சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஆழம் 2.82 மீட்டர், பாய்மர உயரம் 22 மீட்டர் என்பவை கால்வாயின் எல்லைகள். உங்கள் படகு அளவுக்கு இரண்டுமே இடிக்காது.

ஆகப் பன்னிரண்டு நாள் போய்விட்டது. மிச்சம் ஒன்பது நாளில் சாங்க்ட் அன்னா தீவுகளையும் ஸ்டாக்ஹோம் தீவுகளையும் ஆற அமரப் பார்க்கலாம். அதே படகில் திரும்பி வர மறுபடி பன்னிரண்டு நாளும் இரண்டாம் முறைக் கட்டணமும் வேண்டும். ஆகவே படகை ஸ்டாக்ஹோம் பக்கம் ஒப்படைக்கும் ஒருவழி ஒப்பந்தம் கேளுங்கள். கூடுதலாகப் பணம் கேட்பார்கள். அது நியாயமான செலவுதான், படகை யாராவது திரும்பக் கொண்டுவர வேண்டுமே. மேற்கிலிருந்து போவதில் இன்னொரு நன்மையும் உண்டு: 58 மதகில் ஏறுபவை 20, இறங்குபவை 38. ஸ்டாக்ஹோமிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

ஏறும் மதகில்தான் கைவேலை. மதகுக்கு முன்பே உங்களில் ஒருவர் இரண்டு கயிற்றோடு கரையில் இறங்கிவிட வேண்டும். அமரத்துக் கயிற்றை, அதாவது பின்புறக் கயிற்றை, கரை வளையத்தில் குட்டையாகக் கட்டுங்கள். அணியத்துக் கயிற்றை, அதாவது முன்புறக் கயிற்றை, முன்னால் தள்ளியிருக்கும் வளையத்துக்குள் விட்டுத் திருப்பிப் படகின் உருளைக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் முன்கதவிலிருந்து பொங்கி வரும். படகு ஏற ஏற அந்தக் கயிறு தொய்யும். தொய்வதை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுக்க மறந்தால் படகின் மூக்கு விலகிப் பக்கத்துப் படகில் போய் இடிக்கும். இந்த வேலையைப் பெரியவனிடம் கொடுங்கள், சின்னவன் ரப்பர் மிதவைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். தோதொர்ப்பிலும் பூரன்ஸ்பெர்க்கிலும் இன்னும் கையால் சுற்றித்தான் மதகைத் திறக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

தீவுப் பகுதியில் இரண்டு எச்சரிக்கை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இந்தக் கடலுக்காகவே சொன்னது போல இருக்கிறது: குறித்த வழியை விட்டு விலகினால் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே பாறை. தங்குவதற்கு, பின்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு அணியத்தைப் பாறையை ஒட்டி நிறுத்திக் கயிறு கட்டுவார்கள். வீடுகளுக்கு அருகில் இல்லாமல், ஓரிரு இரவு அப்படித் தங்கக் காசு கிடையாது. பொதுமக்களுக்கு உள்ள பழைய உரிமை அது. கழிவறைத் தொட்டியைக் கடலில் திறப்பது 2015 ஏப்ரல் முதல் தடை. துறைகளில் உறிஞ்சும் குழாய் இருக்கும்.

படகை வாங்கும் அன்று அந்தப் பின் நங்கூரமும் அதற்கான நீளமான பட்டைக் கயிறும் உண்மையிலேயே உள்ளே இருக்கின்றனவா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டியலில் இருக்கிறது என்பார்கள், பெட்டியில் இருக்காது. மதகுச் சுவரில் உரசுவதற்கென்றே தடித்த மிதவைகளையும் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கெடுவைக் கண்டு கலங்க வேண்டாம். தரகருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு விஷயம் கேளுங்கள்: படகின் உரிமையாளர் யார், நிறுவனப் பதிவு எண் என்ன, காப்பீடு வேனர்னுக்கும் கால்வாய்க்கும் செல்லுமா, சேதம் வந்தால் உங்கள் பங்கு எவ்வளவு. பணத்தைத் தனிநபர் கணக்கில் போடச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் பதில் வந்தால், முன்பணம் மட்டும் கட்டும்படி ஒப்பந்தத்தை எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.