மூச்சு விடும் விரிப்பும் முகட்டு இடைவெளியும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டப்பட்ட வீட்டில் வசிக்கிறோம். ஓட்டுக்கு அடியில் இருக்கும் பழைய தார் ஃபெல்ட், பீலியை (கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலை) ஒட்டிய பகுதியில் கிழிந்து தொங்குகிறது. குளிர்காலக் காலையில் லாஃப்டுக்கு ஏறிப் பார்த்தால் ஆணி நுனிகளில் எல்லாம் நீர் முத்து முத்தாக நிற்கிறது. கூரையைப் பிரித்து மேய வந்தவர், "பிரீதபிள் மெம்பிரேன் போட்டால் காற்றுத் துளையே தேவையில்லை" என்கிறார். நம்பலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஹாரோ

பதில்: பாதி நம்பலாம். ஆணி நுனியில் நீங்கள் கண்டது மழைநீர் அன்று. குளியலறையிலும் அடுப்பிலும் உள்ளே உலர்த்தும் துணிகளிலும் எழும் நீராவி, சீலிங்கின் இடுக்குகள் வழியாக மேலேறி, குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகிவிடுகிறது. தார் ஃபெல்ட் இந்த ஆவியை வெளியே விடாது. நீங்கள் கேட்கும் பிரீதபிள் மெம்பிரேன் என்னும் விரிப்பு விடும். அதன் நடுவில் இருக்கும் மெல்லிய படலத்தின் நுண்துளைகள் ஆவிக்கு வழிவிட்டு நீர்த்துளியைத் தடுக்கின்றன. இருபுறமும் உள்ள பாலிப்ரோப்பிலீன் துணி அப்படலத்துக்குக் காவல்.

ஆனால் ஆவியை விடுவது வேறு, காற்றை விடுவது வேறு. கடையில் கிடைக்கும் விரிப்புகளில் பெரும்பாலானவை காற்றை ஏறக்குறைய விடுவதே இல்லை. ஆகவே உறைபனி விழும் இரவில், வெளியேறும் வேகத்தை மிஞ்சி ஆவி வந்து சேர்ந்தால், விரிப்பின் அடிப்புறத்திலேயே பனியாகப் படிந்து, வெயில் ஏறியதும் சொட்டும். பிரிட்டனில் புதிய வீடுகளுக்கு உத்தரவாதம் அளிக்கும் என்.எச்.பி.சி., இத்தகைய விரிப்பு போட்டாலும் முகட்டில் நீளவாக்கில் 5 மி.மீ. இடைவெளிக்கு நிகரான காற்றோட்டம் கேட்பது இதனால்தான். பழைய வீடானாலும் அதையே கேட்டு வாங்குங்கள். முகட்டோடுகளை எப்படியும் கழற்றி மாட்டப்போகிறவருக்கு அது பெரிய வேலை அன்று.

வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டுச் சுருளின் லேபிளைப் படியுங்கள். கூரை வேலைக்கான பிரிட்டிஷ் விதித்தொகுப்பான பி.எஸ். 5534இன் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நாட்டின் எந்தக் காற்றுவேக மண்டலத்துக்கு, எவ்வளவு சலாகை (ஓடு மாட்டும் குறுக்குச் சட்டம்) இடைவெளி வரை அந்த விரிப்பு தாங்கும் என்பது அதில் குறிக்கப்படுகிறது; மண்டலங்கள் 1 முதல் 5 வரை. இடைவெளி அகலமானால் அதே விரிப்பு தாங்கும் மண்டலம் குறையும்.

விரிக்கும்போது கைமரங்களுக்கு இடையில் ஏறத்தாழ 10 மி.மீ. தொய்வு வேண்டும். விறைப்பாக இழுத்து அடித்தால், ஓடுகளைத் தாண்டி வந்த நீர் வழிந்தோட இடமின்றிச் சலாகையின் மேல்விளிம்பில் தேங்கும். அதிகம் தொய்ந்தால் காற்றில் உப்பி ஓடுகளை முட்டும். சரிவு 35 பாகைக்குக் குறையாவிட்டால் விரிப்பின் மேல்வரி கீழ்வரியின்மேல் 100 மி.மீ. ஏறினால் போதும்; 15 முதல் 34 பாகை வரையானால் 150 மி.மீ. வேண்டும்.

மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் பீலி விளிம்பு. உங்கள் பழைய ஃபெல்ட் கிழிந்ததும் அங்கேதான். வெயில் படும் இடத்தில் மெம்பிரேனும் இற்றுவிடும் என்பதால், அதை நேராகப் பீலிக்குள் தொங்கவிடாமல், விறைப்பான பிளாஸ்டிக் ஈவ்ஸ் தட்டின்மேல் முடிக்கச் சொல்லுங்கள். தட்டு இருந்தால் அவ்விடத்தில் தொய்ந்து நீரும் தேங்காது. லாஃப்டில் வெப்பக்காப்புக் கம்பளி விரித்திருந்தால் அது விளிம்பு வரை நெருங்கிக் காற்று வழியை அடைக்கக் கூடாது. குளியலறை விசிறியின் குழாய் லாஃப்டுக்குள் முடிந்தால் எந்த விரிப்பும் உங்களைக் காப்பாற்றாது. அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோங்கள்.

வேலை தொடங்குமுன் லாஃப்டில் எலிப்புழுக்கைபோல் ஏதேனும் கிடந்தால், கையுறையோடு ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் வௌவாலாக இருக்கக்கூடும். பிரிட்டனில் வௌவால்கள் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. இவ்விரிப்பிலிருந்து பிரியும் இழைகளில் அவை சிக்கி இறப்பதால், அவை தங்கும் கூரைக்குச் சணல் பொதிந்த பழைய வகைத் தார் ஃபெல்ட்டையோ, வௌவால் சிக்காது எனச் சோதனையில் தேறிய விரிப்பையோதான் போடச் சொல்வார்கள். அந்நிலையில் ஓட்டில் கைவைக்குமுன் வௌவால் ஆய்வாளரை அழைத்துவிடுங்கள்.