வாசகர் கேள்வி–பதில்: கழிவுநீர்ச் சுரங்கப் பணிகள் ஏன் தள்ளிப்போகின்றன?

மழைக்காலத்தில் ஆறுகளில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க நகரங்கள் தோண்டும் ஆழ்நிலைச் சுரங்கங்கள் குறித்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கழிவுநீரைத் தேக்கும் சுரங்கம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று மாநகராட்சிகள் அறிவிக்கின்றன. பிறகு முடிவுத் தேதி இருமுறை, மும்முறை மாறுகிறது. பூமிக்கடியில் ஒரு குழாய் அமைக்க இவ்வளவு காலம் ஏன் ஆகிறது?

பதில்: அந்தக் குழாய் எதற்காக என்பதைப் பார்த்தால் அதன் அளவும் ஆழமும் புரியும். பழைய நகரங்கள் பலவற்றில் வீட்டுக் கழிவுநீரும் தெருவில் ஓடும் மழைநீரும் ஒரே குழாயில்தான் செல்கின்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 700 ஊர்களில் இந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது. மழை வலுக்கும்போது சுத்திகரிப்பு நிலையத்தால் தாங்க முடியாத நீர், தடுப்புச் சுவரைத் தாண்டி நேராக ஆற்றில் விழுகிறது. அப்படி விழும் நீரை வழிமறித்து, மழை ஓயும்வரை தேக்கிவைத்து, பின்னர் நீரேற்று நிலையத்தின் வழியே சுத்திகரிப்புக்கு அனுப்புவதே சுரங்கத்தின் வேலை. ஏற்கெனவே உள்ள குழாய்கள், கட்டட அடித்தளங்கள், ரயில் சுரங்கங்கள் எல்லாவற்றுக்கும் கீழே அது ஓட வேண்டும். லண்டனின் தேம்ஸ் டைட்வே சுரங்கம் 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் கொண்டது. மேற்கில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் தொடங்கி, கிழக்கே 60 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது.

இந்த ஆழத்தில் மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. லண்டனில் மேற்கே களிமண். நடுப்பகுதியில் களியும் மணலும் சரளையும் கலந்த அடுக்குகள். கிழக்கே நீர் ஊறிய சுண்ணப்பாறை. அதனால் அங்கே வெவ்வேறு மண்ணுக்கு ஏற்ற ஆறு இயந்திரங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் அந்த இடத்துக்கென்றே வடிவமைத்துச் செய்யப்படுவதால், ஒன்று பழுதானால் கடையிலிருந்து இன்னொன்றை வாங்கி வந்து இறக்க முடியாது.

சுரங்கம் தோண்டும் இயந்திரம் பின்னோக்கி வரவும் முடியாது என்பது பலர் அறியாத செய்தி. அது முன்னேறும்போதே தனக்குப் பின்னால் கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டு போகிறது. அந்த வளையங்களின் உள்விட்டம் இயந்திரத்தின் வெட்டுமுகத்தைவிடச் சிறியது. வெட்டுப் பற்கள் தேய்ந்தால் தொழிலாளர்கள் அழுத்தக் காற்று நிரப்பிய அறை வழியே முன்புறம் சென்றுதான் அவற்றை மாற்ற வேண்டும். ஆழம் கூடக்கூட அவர்கள் உள்ளே வேலை செய்யக்கூடிய நேரம் குறைகிறது, வெளியே வரும்போது அழுத்தத்தைப் படிப்படியாகத் தணிக்கும் நேரம் நீள்கிறது. இந்த நேரத்தைச் சுருக்கச் சொல்லி எவரும் நெருக்கடி தரக்கூடாது. அது மனித உயிர் சம்பந்தப்பட்டது. இயந்திரத்தின் மைய உறுப்புகளே பழுதானால் மேலிருந்து ஒரு கிணறு தோண்டி அதை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

கேள்வி: தோண்டுவதற்கு முன் மண் பரிசோதனை செய்வதில்லையா? செய்திருந்தால் எதிர்பாராத தடை எப்படி வரும்?

பதில்: செய்கிறார்கள். ஆனால் துளையிட்டு எடுக்கும் மாதிரி அந்த ஒரு புள்ளியின் உண்மையை மட்டும் சொல்லும். இரண்டு துளைகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்பதைப் பொறியாளர்கள் ஊகித்தே வரைபடத்தில் கோடு இழுக்கிறார்கள். நகரத்தின் நடுவே, வீடுகளும் சாலைகளும் உள்ள இடத்தில், விரும்பிய இடத்தில் எல்லாம் துளையிடவும் இயலாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரின் அனுபவம் இதற்குச் சான்று. அது கழிவுநீர்ச் சுரங்கம் அன்று, சாலைச் சுரங்கம். எனினும் தாமதத்தின் இயல்பு ஒன்றுதான். 17 மீட்டருக்கும் மேல் விட்டம் கொண்ட அதன் இயந்திரம் 2013 டிசம்பரில், பாதையின் தொடக்கப் பகுதியிலேயே நின்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன் அது மோதியது, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு எஃகுக் குழாய். 2002-இல் நிலத்தடி நீரை ஆராய்வதற்காக அதே திட்டத்தின் பொருட்டு இறக்கப்பட்ட குழாய் அது. சுமார் 36 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டி வெட்டுமுகத்தை மேலே தூக்கிப் பழுதுபார்த்து மீண்டும் தோண்டத் தொடங்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பழுதுக்குக் குழாய்தான் காரணம் என்றார் ஒப்பந்ததாரர்; இல்லை என்றது மாநில அரசு. 2019-இல் நீதிமன்ற ஜூரி மாநிலத்தின் பக்கம் நின்று, 5.72 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

தொடக்க ஆய்வுக்கான பணம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். அதைக் குறைத்துச் சிக்கனம் காட்டும் நிர்வாகம், அந்தத் தொகையைப் போலப் பலமடங்கைப் பிற்பாடு தாமதமாகவும் வழக்காகவும் செலுத்த நேரிடும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: “தோண்டும் பணி நிறைவு” என்று விழா நடத்திய பிறகும் சுரங்கம் பயன்பாட்டுக்கு வராதது எப்படி?

பதில்: மக்களை மிகவும் சலிப்படையச் செய்வது இந்த இடைவெளிதான், அதை யாரும் முன்கூட்டியே விளக்காததே பாதிக் கோபத்துக்குக் காரணம். லண்டனில் முதன்மைத் தோண்டும் பணி 2022-இல் முடிந்தது. கழிவுநீர் வழிந்தோடும் 21 இடங்களும் முழுமையாக இணைக்கப்பட்டது 2025 பிப்ரவரியில்தான்.

இந்த இடைவெளியில் நடக்கும் வேலைகள் எளியவை அல்ல. சாலை மட்டத்தில் ஓடும் நீரை அப்படியே பல மீட்டர் ஆழத்துக்குக் கொட்டினால் அதன் வேகம் அடித்தளத்தை அரிக்கும், கூடவே காற்றையும் இழுத்துச் செல்லும். எனவே நீர் சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும்படி செங்குத்துக் கிணறுகளின் உள்ளமைப்பைச் செய்கிறார்கள். சுரங்கம் வேகமாக நிரம்பும்போது அடைபட்ட காற்று மூடிகளைத் தூக்கி எறியாமலிருக்க அது வெளியேறும் வழியும், துர்நாற்றத்தை வடிகட்டும் ஏற்பாடும் வேண்டும். கடைசியாக, பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய சாக்கடையை உடைத்து இணைக்க வேண்டும். அந்தச் சாக்கடையை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. தற்காலிக மாற்றுவழி அமைத்து, மழையில்லாத நாட்களாகப் பார்த்துத்தான் வேலை செய்ய முடியும். ஒரு வறண்ட பருவத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க நேரிடும்.

கேள்வி: தாமதத்தின் செலவை யார் ஏற்பது?

பதில்: ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எந்த மண்ணை எதிர்பார்த்து விலை கூறப்பட்டது என்பதைத் தெளிவாக எழுதிய அடிப்படை அறிக்கை நல்ல ஒப்பந்தங்களில் இணைக்கப்பட்டிருக்கும். அதில் சொன்னதைவிடக் கடினமான நிலம் வந்தால் கூடுதல் செலவு நகராட்சியினுடையது. சொன்னபடியே இருந்தால் தாமதம் ஒப்பந்ததாரரின் பொறுப்பு. எதுவானாலும், நகராட்சியின் பங்கு கடைசியில் கழிவுநீர்க் கட்டணத்திலோ வரியிலோ வந்து சேர்கிறது.

கேள்வி: பணம் இல்லாமல் தாமதமாவதும் உண்டா? உரிய காலத்தில் முடித்த நகரம் ஏதேனும் இருக்கிறதா?

பதில்: முதல் கேள்விக்குச் சிகாகோ விடை. 1975-இல் தொடங்கிய அதன் ஆழ்நிலைச் சுரங்கங்கள், ஏறத்தாழ 175 கிலோமீட்டர், 2006-இல்தான் முடிந்தன. நீரைத் தேக்கும் பெரிய நீர்த்தேக்கங்களில் தார்ன்டன் 2015-இலும், மெக்குக்கின் முதல் கட்டம் 2017-இலும் பயன்பாட்டுக்கு வந்தன. மெக்குக்கின் இரண்டாம் கட்டத்துக்கு 2029 இலக்காக வைக்கப்பட்டது. கூட்டாட்சி அரசின் நிதி சீராக வராதது இந்த நீண்ட காலத்துக்கு ஒரு முக்கியக் காரணம். ஆயினும் முடிந்த சுரங்கங்களை முடிந்தவுடன் பயன்படுத்தியதால் சிகாகோ ஆறு அத்தனை ஆண்டுகளும் முழுமையாகக் காத்திருக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தைச் சொல்லலாம். 1991-இல் மாநில அரசுக்கு அளித்த வாக்குறுதியின்படி 20 ஆண்டுக் காலக்கெடு வைத்து, 2011-இல் பணியை முடித்தது. வாஷிங்டன் நகரம் இன்னும் கற்கத்தக்க ஒன்றைச் செய்தது. 2012-இல் ஒரு குடியிருப்புப் பகுதியில் வீடுகளுக்குள் சாக்கடை நீர் புகுந்ததும், பெரிய சுரங்கம் வரும்வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்லாமல், அதன் ஒரு சிறு பகுதியை முன்னதாகவே தோண்டித் தற்காலிகத் தேக்கமாக 2016-இல் பயன்படுத்தியது. பின்னர் 2023-இல் முழுச் சுரங்கமும் அதனுடன் இணைந்தது.

கேள்வி: தாமதமாகும் திட்டத்தின் நடுவே வாழும் மக்கள் நிர்வாகத்திடம் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: “எப்போது முடியும்?” என்ற கேள்விக்கு இன்னொரு தேதிதான் கிடைக்கும். அதைவிட, கடந்த மாதம் எத்தனை வளையங்கள் பொருத்தப்பட்டன, இயந்திரம் எத்தனை நாள் நின்றது, எந்தக் காரணத்தால் நின்றது என்பதை மாதந்தோறும் வெளியிடச் சொல்லுங்கள். முடிந்த பகுதியை மட்டும் முன்னதாக இணைக்க முடியுமா, முடியாவிட்டால் தடை எது என்று கேளுங்கள். ஒப்பந்ததாரர் கோரியுள்ள கூடுதல் தொகைகளின் பட்டியலைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மழைக்கும் எந்த வழிந்தோடும் வாயிலிலிருந்து எவ்வளவு கழிவுநீர் ஆற்றில் விழுந்தது என்ற அளவீட்டைக் கேளுங்கள். சுரங்கம் தாமதமாகும் ஒவ்வொரு பருவத்திலும் அந்த நீரில் இறங்குபவர்களும் அதன் கரையில் வசிப்பவர்களும் அதை அறிந்திருக்க வேண்டும். அளவிடும் கருவிகளைப் பொருத்தச் சுரங்கம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.